ஏரி உறையாத ஊரில்: ஐஸ் கட்டியா, கண்ணாடித் தகடா, உப்பா?

கனடாச் சொந்தங்கள் மாரியில் அனுப்பும் படங்களில் அல்பேர்ட்டாவின் ஏபிரகாம் ஏரி இருந்தால் கொஞ்சம் பொறாமை வரத்தான் செய்யும். 1972இல் கட்டிய அணையால் உண்டான நீர்த்தேக்கம் அது. அடியில் உக்கும் தாவரங்களில் இருந்து கிளம்பும் மீத்தேன் குமிழிகள் மேலே வரும்போது பனிக்கட்டியில் முட்டி நிற்கும். பனிக்கட்டி கீழ்நோக்கித் தடிக்கத் தடிக்க, அடுத்து வரும் குமிழிகள் முதல் வந்தவற்றுக்குக் கீழே அகப்படும். அந்த வெள்ளை அடுக்குகள் அப்படித்தான் வருகின்றன.

யாழ்ப்பாணத்தில் இருந்து அரூபப் படம், அதாவது என்ன பொருள் என்று தெரியாமல் வடிவமும் கோலமும் மட்டும் தெரியும் படம், எடுக்க விரும்புகிறவருக்கு மூன்று வழி உண்டு.

மீன் சந்தை ஐஸ் கட்டியைத்தான் எல்லாரும் முதலில் நினைப்பார்கள். உள்ளே பார்க்க ஆழம் இருக்கிறது, உண்மைதான். ஆனால் ஏரி மேலிருந்து மட்டும் உறைகிறது; ஐஸ் கட்டி தகர அச்சுக்குள் நாலு பக்கமும் உறைந்து வருகிறது. கரைந்திருந்த காற்று நடுவுக்குத் தள்ளுப்பட்டு அங்கே பால் வெள்ளையாய் ஒரு தண்டு விழும். அதைச் சுற்றி மயிர் போல நீண்ட குமிழிகள். படம் அந்த எல்லையில்தான் இருக்கிறது, வெள்ளை நடுவில் இல்லை. பின்னால் ஒரு டோர்ச் பிடியுங்கள். எங்கள் ஈரக் காற்றில் மேற்பரப்பு மங்கும். ஒரு கோப்பை தண்ணீர் ஊற்றினால் தெளியும், பிறகு கெதியாக எடுக்க வேண்டும். நாலைந்து கட்டி பார்த்த பிறகு எல்லாம் ஒரே படம் போலத் தோன்றும் என்பதுதான் இதன் குறை.

வீட்டு ஃபிரிட்ஜில் உறைய வைக்கும் மெல்லிய தகடு வேறு கதை. கண்ணாடித் துண்டில் ஒரு மில்லிமீற்றர் அளவுக்குத் தண்ணீர் விட்டு உறைய வையுங்கள். மடிக்கணினியின் எல்சிடி திரை பெரும்பாலும் முனைவாக்கிய ஒளியைத்தான் விடும், அதாவது ஒரே திசையில் அதிரும் ஒளியை. அதில் வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்து, தகட்டை அதன் முன்னால் பிடித்து, கமராவில் அப்படிப்பட்ட ஒளியை மறிக்கக்கூடிய போலரைசர் ஃபில்டரைத் திருப்பித் திரை இருளும் இடத்தில் நிறுத்துங்கள். நிறமில்லாத பனிக்கட்டி ஊதா, மஞ்சள், பச்சை என்று துண்டு துண்டாய்ப் பிரியும். ஒவ்வொரு பளிங்கும் வேறு திசை பார்த்து வளர்ந்திருப்பதால் ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம். தகடு தடித்தால் நிறம் வெளிறிவிடும். மடிக்கணினியில் தண்ணீர் சொட்டாமல் பார்ப்பது உங்கள் பாடு.

உப்பிடம் இந்த வித்தை பலிக்காது. அதன் பளிங்கு கனசதுரம். எந்தத் திசையிலும் ஒளியை ஒரே மாதிரித்தான் விடும், நிறம் பிரியாது. ஆழமும் இல்லை. இருந்தும் என் வாக்கு உப்புக்குத்தான், ஏனென்றால் இதன் கோலத்தை யாரும் அச்சில் ஊற்றவில்லை. வெயில் காலத்தில் வல்லை வெளியில் நீரேரி வற்றிய ஓரங்களைப் பாருங்கள்: சேறு வெடித்த பலகோணங்கள், அவற்றின் விளிம்போடு பூத்த உப்பு. ஆனையிறவுப் பக்கம் என்றால் உப்பளத்தில் அனுமதி கேட்டுத்தான் இறங்க வேண்டும். பாத்தியில் நீர் முற்றினால் சதுரச் சதுரமாய்ப் பளிங்குகள் மிதக்கத் தொடங்கும். பளிங்கின் விளிம்பு நடுப்பகுதியை விடக் கெதியாக வளர்வதால் ஒவ்வொன்றும் உள்ளே படிப்படியாய்க் குழிந்திருக்கும், கோயில் கேணியை மேலே நின்று பார்ப்பதுபோல. காற்று எழும்பினால் உடைந்து தாழ்ந்துவிடும். அந்தப் படிகளை எடுக்க, சின்னப் பொருளைக் கிட்ட நின்று பெரிதாய் எடுக்கும் மக்ரோ லென்ஸ் வேண்டும். சேற்று வெடிப்புக்குக் கைபேசியே போதும்.

நேரம் காலை வெயில் சாய்ந்திருக்கும்போது. உச்சி வெயிலில் நிழல் இல்லை, நிழல் இல்லாமல் உப்பு வெறும் வெள்ளைத் தாள். கமரா அந்த வெள்ளையைச் சாம்பலாக்கப் பார்க்கும், ஒளியளவை ஒரு ஸ்டொப் (இரண்டு மடங்கு) கூட்டி எடுங்கள். ஒரு செருப்படியோ நண்டு வளையோ சட்டத்துக்குள் வந்தால் அளவு தெரிந்துவிடும், அரூபம் அதோடு சரி. ஐப்பசி மழை தொடங்கினால் கோலமெல்லாம் கரைந்துவிடும். அந்த மாதங்களுக்குக் கண்ணாடியில் உறைய வைக்கும் தகட்டை வைத்துக்கொள்ளுங்கள்.

செலவென்று பார்த்தால் ஐஸ் கட்டியும் தகடும் கமராவுக்குத் தீங்கில்லை, துடைத்தால் சரி. உப்பு அப்படியல்ல. வீட்டுக்கு வந்ததும் முக்காலிக் கால்களை நல்ல தண்ணீரில் கழுவுங்கள், இல்லாவிட்டால் திருகுகள் துருப்பிடித்து இறுகிவிடும்.