ஆறு வார பண்ணை ட்ரெய்னிங்: மண்ணு புரிஞ்சுது, கணக்குதான் சொல்லித்தரல

மண்ணை மீட்கிற விவசாயம், அதான் ரீஜெனரேட்டிவ் அக்ரிகல்ச்சர்னு சொல்றாங்களே, அதைப் பண்ணையிலேயே தங்கி கத்துக்கிற ஆறு வார கோர்ஸ் ஒண்ணு முடிச்சுட்டு வந்திருக்கேன். குறையும் சொல்லப் போறதால பேரு வேணாம். ஒரு வருஷமா வீடியோவா பார்த்துத் தள்ளியிருந்தேன், எல்லாம் தெரிஞ்ச கெத்துலதான் போனேன், மொத நாளே அது இறங்கிடுச்சு.

ட்ரெய்னர் அக்கா ரெண்டு கண்ணாடி ஜாடியில தண்ணி ஊத்தி உள்ள கம்பி வலை மாட்டி, வருஷா வருஷம் உழுத வயல்லேர்ந்து காய்ஞ்ச மண்கட்டி ஒண்ணு, வேலியோரத்துல கலப்பையே படாத இடத்துலேர்ந்து ஒண்ணு, ரெண்டையும் இறக்குனாங்க. உழுத கட்டி ஒரு நிமிஷத்துல பொலபொலன்னு கரைஞ்சு தண்ணியே சேறாயிடுச்சு, வேலியோரத்துக் கட்டி அசையாம உக்காந்திருக்கு. வேர்க்கசிவு, பூஞ்சை இழை, நுண்ணுயிர் விடுற பசை இதெல்லாம் சேர்ந்துதான் மண்ணைப் புடிச்சு வைக்குதாம், உழ உழ அந்தப் புடிப்பு போயிடும். இதை நூறு தடவை படிச்சிருக்கேன், கண்ணுல பார்த்தப்பதான் உறைச்சுது.

அடுத்து 6 இன்ச் அகல இரும்பு வளையத்தை மண்ணுல அடிச்சு 444 மில்லி தண்ணி ஊத்தச் சொன்னாங்க, அது 1 இன்ச் மழைக்குச் சமம். மூடாக்கு, அதான் வைக்கோல் சருகெல்லாம் பரப்பி மண்ணை மூடுறது, அது போட்ட பாத்தியில மளமளன்னு இறங்கிடுச்சு, வெறும் தரையில குளம் மாதிரி நின்னுச்சு.

கம்போஸ்ட்ல எங்க டீம் நல்லா சொதப்புனோம். காய்ஞ்சதுல கார்பன் ஜாஸ்தி, பச்சையில நைட்ரஜன் ஜாஸ்தி, கார்பன் 30 பங்குக்கு நைட்ரஜன் 1 பங்குன்னு வாயால சொல்லிட்டு, சோம்பேறித்தனத்துல பச்சைப் புல்லை மட்டும் அள்ளிக் கொட்டிட்டோம். மூணாம் நாள் அம்மோனியா நெடி, கிட்டப் போனா கண்ணு எரியுது. அக்கா திட்டவே இல்ல, 'மூக்கு என்ன சொல்லுது?'ன்னு மட்டும் கேட்டாங்க. காய்ஞ்ச வைக்கோல் கலந்து புரட்டிப் போட்ட அப்புறம் நாத்தம் போச்சு, ரெண்டு நாள் கழிச்சு தெர்மாமீட்டர் 58 டிகிரி காட்டுச்சு. இப்படித் தப்பு பண்ண விட்டதுதான் இந்த கோர்ஸ்ல எனக்கு ரொம்ப புடிச்சது. பயறு வேரைப் பிடுங்கி அதுல இருக்கிற குட்டி முடிச்சை நகத்தால கீறிப் பார்க்கவும் சொல்லிக்குடுத்தாங்க, உள்ள இளஞ்சிவப்பா இருந்தா காத்துலேர்ந்து நைட்ரஜன் புடிக்கிற வேலை நடக்குதுன்னு அர்த்தம்.

இப்ப குறை. மூணாவது நாலாவது வாரம் பூரா களை பிடுங்குனதுதான், காசு கட்டிட்டு கூலி வேலை பார்த்த மாதிரி ஆயிடுச்சு. அதுவும் கத்துக்கிறதுதான்னு சொன்னாங்க, ரெண்டு நாள்னா ஒத்துக்கலாம், ரெண்டு வாரமெல்லாம் ஓவர். உழாம விட்டா களையை எப்படி சமாளிக்கிறதுன்னு கேட்டா மூடாக்கு, மூடாக்குன்னே பதில், ஆனா பெரிய நிலத்துல உழவில்லாம பண்றவங்க நிறைய பேரு களைக்கொல்லிதான் அடிக்கிறாங்க, அந்தப் பேச்சையே எடுக்கல. பண்ணையோட வரவு செலவு நோட்டைக் காட்டுங்கன்னு மூணு தடவை கேட்டேன், மூணு தடவையும் சிரிப்புதான். பயிர் வித்து வருதா இல்ல எங்க ஃபீஸ்லதான் ஓடுதான்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது.

சர்டிஃபிகேட்டும் குடுத்தாங்க. ஆர்கானிக்குக்கு இருக்கிற மாதிரி ரீஜெனரேட்டிவ்ங்கிற வார்த்தைக்கு எல்லாரும் ஒத்துக்கிட்ட ஒரே வரையறை கிடையாது, அதனால அந்தப் பேப்பரை நம்பி யாரும் சேராதீங்க. ஆறு வாரத்துல மண்ணு மாறுறதையும் பார்க்க முடியாது, அதுக்கு வருஷக்கணக்கா ஆகும். சேர்றதுக்கு முன்னாடி ஒரு ட்ரெய்னருக்கு எத்தனை பேரு, பழைய பேட்ச் திரும்பி வந்து பார்க்கலாமா, நோட்டைக் காட்டுவாங்களா, இது மூணையும் கேட்டுடுங்க.

என் மார்க் 5க்கு 3.5. அந்த அரை மார்க் ஜாடிக்கு. வந்த கையோட ஒரு பழைய பருத்தி ஜட்டியை மண்ணுல புதைச்சு வச்சிருக்கேன், மண்ணுல உயிர் இருந்தா ரெண்டு மாசத்துல எலாஸ்டிக்கும் தையலும்தான் மிஞ்சும்னாங்க. பத்து நாள்தான் ஆச்சு, அதுக்குள்ள ரெண்டு தடவை மண்வெட்டியைத் தூக்கிட்டுப் போய் திரும்பி வந்துட்டேன்.