முன்னால நிக்கற பொண்ணா, பின்னால நிக்கற பொண்ணா?

கோவை நேரு ஸ்டேடியத்தைச் சுற்றி விளையாட்டுச் சாமான் கடைகள் நிறைய உண்டு. அவற்றைத் தாண்டி ஒரு சந்துக்குள் போனால், மாடிப்படிக்குக் கீழே பத்துக்கு எட்டு அடியில் ஒரு அறை இருக்கிறது. ஷட்டில் பேட்டுக்குக் கட் போடுவது, அதாவது நரம்பு கட்டுவது மட்டும்தான் அங்கே வேலை. பெயர்ப்பலகை வெயிலில் வெளுத்து எழுத்தே தெரியவில்லை. "பேரெல்லாம் எழுதிப் போட்றாதீங் அம்மிணி, கூட்டம் சேந்தா என்னால முடியாது" என்று கடைக்காரரும் சொல்லிவிட்டார். அதனால் பெயர் இல்லாமலே எழுதுகிறேன். ஸ்டேடியம் பக்கம் யாரைக் கேட்டாலும் கையைக் காட்டுவார்கள்.

என் மகள் பத்தாவது படிக்கிறாள், டபுள்ஸ் ஆடுகிறாள். ஜோடிப் பெண் அன்னூர்க்காரி. நாங்கள் அவிநாசி. ஒரு கட் போட இவ்வளவு தூரம் வருவதற்குக் காரணம் போன வருஷம் எங்கள் பக்கத்துக் கடை ஒன்றில் நடந்த கூத்து. பேட்டை வாங்கினார்கள், ஒன்றும் கேட்கவில்லை, நரம்பை 28 பவுண்டு இறுக்கத்தில் இழுத்துக் கொடுத்துவிட்டார்கள். எட்டாம் நாள் பிரேமில், கடிகாரத்தில் இரண்டு மணி இருக்கும் இடத்தில், முடி மாதிரி ஒரு கீறல். 4,200 ரூபாய் பேட். மகளை விட நான்தான் அதிகம் அழுதேன்.

இந்த மனிதர் பேட்டைக் கையில் வாங்கவே இல்லை. முதலில் மகளைப் பார்த்தார்.

"சிங்கிள்ஸா, டபுள்ஸா கண்ணு?"

"டபுள்ஸுங்க."

"முன்னால நிக்கற பொண்ணா, பின்னால நிக்கற பொண்ணா?"

காலேஜ் நாளிலிருந்து எத்தனையோ இடத்தில் கட் போட்டிருக்கிறேன். ஒருத்தரும் என்னிடம் இதைக் கேட்டதில்லை. (நானும் டபுள்ஸ்தான். என் ஜோடி இப்போது கோபியில் டீச்சர். போன் செய்தால் முதல் கேள்வியே "உன் சர்வீஸ் இன்னும் நெட்லதான் விழுகுதா?")

மகள் முன்னால் நிற்பவள். வலைக்குப் பக்கத்தில் வருகிற ஷட்டிலைத் தட்டிவிட அவளுக்கு அரை நொடிகூடக் கிடைக்காது. பேட்டைப் பின்னால் கொண்டுபோய் வீசவும் முடியாது. தொட்டதும் தெறிக்க வேண்டும் என்று மெல்லிசான நரம்பு, 0.65 மில்லிமீட்டர் பிஜி66 அல்டிமாக்ஸ், 23 பவுண்டு. அன்னூர்ப் பெண் பின்னாலிருந்து சாத்துகிறவள். தினமும் ஐம்பது, அறுபது ஸ்மாஷ். அவளுக்குத் தடிப்பான 0.70 பிஜி65, 24 பவுண்டு. மெல்லிசு சீக்கிரம் அறுந்துபோகும் என்று முன்னாடியே சொன்னார். அப்படியே ஆச்சு. மகளுடையது ஐந்தாவது வாரத்தில் போய்விட்டது, மற்றது இன்னும் ஓடுகிறது.

வேலை செய்கிற அழகைச் சொல்ல வேண்டும். மெஷின் எலக்ட்ரானிக். நரம்பை இழுத்து, குறித்த பவுண்டு வந்ததும் 'பீப்' என்று ஒரு சத்தம் போடும். மற்ற இடங்களில் அந்தச் சத்தம் வந்த கையோடு, நரம்பைப் பிடித்துவைக்கும் கிளாம்பைப் போடுவார்கள். இவர் மனசுக்குள் ஏதோ எண்ணுகிறார், அப்புறம்தான் போடுகிறார். நெடுக்கு நரம்பெல்லாம் முடிந்ததும் குறுக்குக்கு ஒரு பவுண்டு கூட்டினார். நுனியை இடது ஆள்காட்டி விரலால் ஒன்று மேல், ஒன்று கீழ் என்று நெய்துகொண்டே போனதைப் பார்த்தபோது சென்னிமலைத் தறி ஞாபகம் வந்தது. நரம்பு பிரேமில் உரசாமல் இருக்க ஓட்டைகளில் செருகியிருக்கும் பிளாஸ்டிக் குழல், குரோமெட், மூன்று தேய்ந்திருந்தது. மாற்றிவிட்டு அதற்குத் தனியாகக் காசு கேட்கவில்லை. கடைசியில் பேட்டைக் காதுக்குப் பக்கத்தில் வைத்து விரலால் சுண்டிக் கேட்டார். தலையை ஆட்டிவிட்டுக் கைப்பிடிக்கு மேலே ஒரு துண்டு டேப் ஒட்டி, பேனாவால் "மு 23" என்று எழுதினார். அடுத்ததில் "பி 24".

சுவரில் பழுப்பேறிய பேப்பர் படம் ஒன்று. இந்தியப் பெண்கள் டபுள்ஸ் ஜோடி ஜ்வாலா கட்டாவும் அஸ்வினி பொன்னப்பாவும், 2011 லண்டன் உலகச் சாம்பியன்ஷிப் வெண்கலத்தோடு. அதற்கு முந்தின வருஷம்தான் டெல்லி காமன்வெல்த்தில் தங்கம். எங்கள் ஒரம்பரையில் பாதிப் பேர் "ஏன், உம்பொண்ணு தனியா ஆடமாட்டாளா?" என்று கேட்கிறவர்கள். அந்தப் படத்தைப் பார்த்ததும் மனசுக்குக் கொஞ்சம் தெம்பாக இருந்தது. அஸ்வினி அதற்கப்புறம் சிக்கி ரெட்டியோடு 2018 கோல்ட் கோஸ்ட் காமன்வெல்த்தில் வெண்கலம், தனிஷா கிராஸ்டோவோடு 2024 பாரிஸ் ஒலிம்பிக்ஸ் என்று போய்க்கொண்டே இருந்தார். ஜோடி மாற மாற ஆட்டத்தையும் மாற்றிக்கொள்ள வேண்டும். டபுள்ஸ் ஆடுகிறவர்களுக்கு வாழ்க்கை முழுக்க இதே பாடுதான்.

மகள் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், இந்திய ஆண்கள் டபுள்ஸ் ஆட்டக்காரர் சாத்விக்கைப் பற்றி, "சாத்விக் எத்தன பவுண்டுங்க போடுவாரு?" என்றாள்.

"அந்தப் பையன் அடிச்சா 565 கிலோமீட்டர் வேகம் கண்ணு, கின்னஸ்ல ஏறிருக்குது. உனக்கு எதுக்கு அவுரு பவுண்டு? அவுங்க ஜோடியப் பாத்து வேற ஒண்ணக் கத்துக்கோ. ரெண்டு பேருமே பின்னால நின்னு அடிக்கற பசங்கதான். 2016ல டான் கிம் ஹெர்ங்கற கோச்சு சேத்துவிட்டாரு. அப்பறம் அவரு ஜோடி சிராக் முன்னால வந்து நெட்டு ஆட்டம் பழகோணும்னு ஆயிப்போச்சு. 2023ல ஏசியன் கேம்ஸ் தங்கம், உலக நம்பர் ஒண்ணு. நாளைக்கு உனக்கும் வேற ஜோடி வந்தா நீ பின்னால போகோணும். அப்ப வந்து சொல்லு, மாத்திப் போட்டுக் குடுக்கறேன்."

ரேடியோ மாதிரி பேசுவார் என்பதை இதிலிருந்தே தெரிந்துகொண்டிருப்பீர்கள். அதுதான் முதல் குறை. ஒரு பேட்டுக்கு அரை மணி நேரம் போதும், எங்களுக்கு ஒவ்வொன்றுக்கும் முக்கால் மணிக்கு மேல் ஆனது. இரண்டுக்கும் நரம்போடு சேர்த்து 1,550 ரூபாய். பில் கிடையாது, ஜிபே உண்டு. வண்டி நிறுத்த இடமே இல்லை. டோர்னமென்ட் சமயத்தில் முந்தின நாள் போய் நின்றால் கிடைக்காது, மூன்று நாள் முன்னாடியே கொடுத்துவிடுங்கள். கிரிப் சுற்றுவது மட்டும் இவருக்கு வராது. இரண்டாம் நாளே அவிழ்ந்துவிட்டது, வீட்டில் நானே சுற்றினேன். பிள்ளைகளுக்கு 26 பவுண்டுக்கு மேல் போட மாட்டார். நாங்கள் இருக்கும்போதே ஒரு பையன் 30 வேணும் என்று சண்டை பிடித்தான். பேட்டை உறையில் போட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார். எனக்கு அது குறையாகப் படவில்லை.

இன்னொன்றும் சொல்லி அனுப்பினார். ஒரு நரம்பு அறுந்தால் மற்றதை அப்படியே விட்டு வைக்காதீர்கள். இழுவை ஒரு பக்கமாகி பிரேம் கோணும். அப்போதே, நடுவிலிருந்து ஆரம்பித்து வெட்டிவிடுங்கள். மகளின் கிட் பையில் இப்போது ஒரு குட்டிக் கத்திரி கிடக்கிறது.

செவ்வாய் லீவு. மத்தியானம் ஒன்றரைக்குப் போனால் சாப்பிடப் போயிருப்பார், போன் எடுக்க மாட்டார். எதிர்த்த பேக்கரியில் ஒரு டீயும் தேங்காய் பன்னும் சொல்லிவிட்டு உட்காருங்கள். அவசரம் என்றால் பேட்டை அங்கேயே கொடுத்துவிட்டும் போகலாம். முன்னாலயா பின்னாலயா என்று மட்டும் ஒரு சீட்டில் எழுதி ஒட்டிவிடுங்கள்.