இணையத்தில் நாட்குறிப்பு: ஆறு ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

2019ஆம் ஆண்டு ஜூன் மாதம், புழல் ஏரி வறண்டு, மெட்ரோ வாட்டர் லாரி எப்போது வருமென்று திருவொற்றியூரில் எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாதிருந்த நாட்களில், லாரி வந்த தேதிகளைக் குறித்துவைக்கத்தான் கூகுள் டாக்ஸில் ஒரு கோப்பைத் திறந்தேன். வந்த நேரம், கிடைத்த குடங்கள், வரிசையில் மூண்ட சண்டை என்று வளர்ந்த அந்தக் குறிப்பு, மழை பெய்து லாரியின் தேவை குறைந்த பிறகும் நிற்கவில்லை. இன்றுவரை அதுவே என் நாட்குறிப்பு.

நோட்டுப் புத்தகத்தைவிட இது பத்திரமானது என்பதை மிக்ஜாம் புயலின்போது, 2023 டிசம்பரில், கண்டுகொண்டேன். கட்டிலுக்கு அடியில் இருந்த பழைய டைரிகள் ஊறிப்போயின. கைப்பேசியும் நீரில் விழுந்து செயலிழந்தது. மூன்றாம் நாள் தம்பியின் கைப்பேசியில் என் கணக்கைத் திறந்தபோது, புயலுக்கு முந்தைய இரவு எழுதிய வரி வரை அப்படியே இருந்தது.

ஆயினும் இதன் உண்மையான பயன் தேடல் வசதிதான். என்னை அதிகம் ஏமாற்றியதும் அதுவே. பௌர்ணமியன்று மேலூர் திருவுடையம்மன், எங்கள் ஊர் வடிவுடையம்மன், வடதிருமுல்லைவாயில் கொடியிடையம்மன் ஆகிய மூவரையும் ஒரே நாளில் தரிசிப்பது அம்மாவின் வழக்கம். கடைசியாக மூன்று கோயிலுக்கும் சென்றது எப்போது என்று அவர் ஒருநாள் கேட்க, ‘பௌர்ணமி’ என்று தேடினேன். இரண்டே இடங்கள் கிடைத்தன. பத்துக்கும் மேற்பட்ட முறை எழுதிய நினைவு இருந்ததால் ஒவ்வொரு மாதமாகப் படித்துப் பார்த்தேன். பெரும்பாலான இடங்களில் ஔகாரக் குறியை இடாமல், ஒற்றைக் கொம்பும் ளகர எழுத்துமாகச் சேர்த்து ‘பெளர்ணமி’ என்று தட்டியிருந்தேன். கண்ணுக்கு இரண்டும் ஏறத்தாழ ஒன்றுதான்; யூனிகோட் முறையில் அவை வேறு வேறு எழுத்துகள் என்பதால் தேடல் பொறி கண்டுகொள்வதில்லை.

குரல்வழித் தட்டச்சு இன்னொரு வம்பு. எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் பரவி, மீனவர்களின் படகும் வலையும் கறுத்துப்போன வாரத்தில் நான் சொல்லச் சொல்லக் கைப்பேசி எழுதியது: ‘ஆற்றில் என்னை மிதக்கிறது.’ பழியைக் கருவிமீது மட்டும் போட முடியாது. ணகரத்தையும் னகரத்தையும் நாம் உச்சரிக்கும் லட்சணம் அப்படி. எண்ணெய்க் கசிவைப் பற்றிய குறிப்புகளை இப்போது ‘என்னை’ என்று தேடித்தான் எடுக்கிறேன். எனவே அலுவலகம் விட்டு மெட்ரோ ரயிலில் திரும்பும்போது கையாலேயே தட்டச்சு செய்கிறேன். ஆஃப்லைன் வசதியை முன்கூட்டியே இயக்கிவிட்டால் சுரங்கப் பாதையில் இணையம் அறுந்தாலும் எழுத்து தங்கிவிடுகிறது.

எதை எழுதுவது என்பதில் முதல் ஆண்டு பெரும்பாலும் வீண். ‘மனம் சரியில்லை’ என்ற வரி நாற்பது இடங்களில் இருக்கிறது. எதனால் சரியில்லை என்பது ஓரிடத்திலும் இல்லை. இங்கே பக்கத்தில், பெரம்பூரில், 1709இல் பிறந்த ஆனந்தரங்கப் பிள்ளை, புதுச்சேரியில் 1736 முதல் 1761 வரை தமிழில் எழுதிய நாட்குறிப்பில் கப்பல் வரவும் வியாபாரக் கணக்கும் அரண்மனைப் பேச்சும் நிறைந்திருக்கின்றன. அவரோடு என்னை ஒப்பிடும் துணிவு எனக்கில்லை. ஆனால் என் கோப்பிலும் ‘7 குடம், இரவு 11.40’ என்ற வரியே அந்தக் கோடையை முழுதாகத் திருப்பித் தருகிறது.

தொடங்குவோர் ஆண்டுக்கு ஒரு கோப்பு வைத்துக்கொள்வது நல்லது. ஒரே கோப்பில் எழுதிக்கொண்டே போனால் பழைய கைப்பேசியில் அது திறப்பதற்குள் எழுத நினைத்தது மறந்துவிடும். இரண்டு ஆண்டுகள் தொடாத கணக்கை கூகுள் நீக்கிவிடலாம் என்ற விதி இருப்பதால், டிசம்பர் முடிவில் அனைத்தையும் பிடிஎஃப் ஆக்கிப் பென்டிரைவில் ஒரு படி எடுத்துவைக்கிறேன். ‘பெளர்ணமி’களைத் திருத்தும் வேலை 2021ஆம் ஆண்டுக் கோப்போடு நிற்கிறது.