ஆர்பிட்டர்: ஆரத்தைக் காட்டும் திரையோடு பல வருடம்

ஆர்பிட்டர் என்ற விண்வெளிப் பயண சிமுலேட்டர் என் கம்ப்யூட்டரில் பல வருடமாக இருக்கிறது. மார்ட்டின் ஷ்வைகர் 2000-ல் வெளியிட்டது, 2021-ல் சோர்ஸ் கோடையும் திறந்துவிட்டார், இன்றும் இலவசம்தான். நான் சொல்ல வந்தது அதில் கலத்தின் சுற்றுப்பாதையைக் காட்டும் ஆர்பிட் திரையின் ஒரு பழக்கத்தைப் பற்றி மட்டும்.

அது முதலில் காட்டுவது உயரத்தை அல்ல, கோளின் மையத்திலிருந்து உள்ள தூரத்தை. 6.771எம் (எம் என்றால் மில்லியன் மீட்டர்) என்றால் 6771 கி.மீ.; பூமியின் சராசரி ஆரம் 6371-ஐக் கழித்தால் 400, ஏறக்குறைய சர்வதேச விண்வெளி நிலையம் சுற்றும் உயரம். லீவுக்குக் காரைக்குடி வந்த அக்கா மகன் ஒரு ராக்கெட்டை ஏற்றிவிட்டு, "அம்மான், கிட்டப் புள்ளி 6.2எம் இருக்கு, போதும்ல?" என்றான். பாதையில் பூமிக்கு மிகக் கிட்டே வரும் இடத்தைத்தான் சொன்னான். எண் பெரிசுதான், ஆனால் அந்த இடம் தரைக்குக் கீழே 171 கி.மீ. ஷிஃப்டோடு டி-யை அழுத்தினேன், அதே இடத்தில் மைனஸ் போட்டு உயரம் வந்தது, பையன் மறுபேச்சில்லாமல் என்ஜினைப் போட்டான்.

ஓட்டும்போது உயரம்தான் வசதி. நாலு இலக்கம்தான் காட்டும் என்பதால் ஆரத்தில் 1 கி.மீ.க்குக் கீழே தெரியாது, உயரத்துக்கு மாற்றினால் 100 மீட்டர் வரை தெரியும். ஆனால் கணக்குப் போட ஆரம்தான் வேண்டும், இதில் சமரசமே கிடையாது. கிட்ட உயரம் 200, தூர உயரம் 400 கி.மீ. உள்ள பாதையின் மையப்பிறழ்ச்சியை, அதாவது வட்டத்திலிருந்து எவ்வளவு நீண்டிருக்கிறது என்ற அளவை, ஆரம் வைத்துப் போட்டால் 0.015, கிட்டத்தட்ட வட்டம். வெறும் உயரத்தை வைத்துப் போட்டால் 0.33 என்று வந்து நிற்கும்.

நிலாவுக்குப் போனால் கழிக்க வேண்டியது 1738, செவ்வாய்க்கு ஏறக்குறைய 3390. இதையெல்லாம் சுவரில் எழுதி வைக்கலாம்தான், முட்டைப் பூச்சுச் சுவரில் பென்சில் பட்டால் ஆச்சி சும்மா விடமாட்டார், அதனால் மானிட்டர் ஓரத்தில் ஒரு சீட்டு. கெர்பல் என்ற இன்னொரு விண்வெளி விளையாட்டுப் பக்கமிருந்து வருகிறவர்களுக்குக் குழப்பம் நேர்மாறாக இருக்கும். அங்கே திரையில் வருவது உயரம், ஆரம் வேண்டுமென்றால் அங்குள்ள கெர்பின் கோளின் ஆரமான 600 கி.மீ.யை நாமே கூட்டிக்கொள்ள வேண்டும்.

அப்புறம் ஒன்று, இந்த உயரம் சராசரி ஆரத்திலிருந்துதான், காலடித் தரையிலிருந்து அல்ல. செவ்வாயின் ஒலிம்பஸ் மலை அந்த மட்டத்துக்கு மேல் 20 கி.மீ.க்கும் அதிகம். இறங்குகிற நேரத்தில் ஆர்பிட் திரையை விட்டுவிட்டு சர்ஃபேஸ் திரைக்கு மாறிவிடுங்கள்.