புல்வெளிக் காற்றில் கோல்ஃப்: நெப்ராஸ்காவா, கான்சஸா, டெக்சாஸா?

கலிபோர்னியாவின் பெப்பிள் பீச்சில் ஒரு சுற்று ஆட 600 டாலருக்கு மேல் ஆகும். அமெரிக்காவின் நடுப்பகுதியில், டகோட்டாக்களிலிருந்து டெக்சாஸ் வரை நீளும் கிரேட் பிளெய்ன்ஸ் புல்வெளியின் பொது மைதானங்களில், அதில் ஒரு சிறு பங்கு இருந்தால் போதும். உறுப்பினராக வேண்டாம், சிபாரிசும் வேண்டாம். நேரம் பதிவு செய்துகொண்டு போய் ஆடலாம். ஆனால் காற்றைத் தாங்க வேண்டும். மரமே இல்லாத நிலத்தில் அது பெரும்பாலும் ஓய்வதே இல்லை.

இந்த நிலத்தில் எல்லோரும் பேசும் மூன்று பொது மைதானங்களை எடுத்துக்கொள்கிறேன்: நெப்ராஸ்காவின் காதன்பர்க் ஊரில் உள்ள வைல்ட் ஹார்ஸ், கான்சஸின் கார்டன் சிட்டியில் உள்ள பஃபலோ டூன்ஸ், டெக்சாஸின் லபக் நகரில் உள்ள ராவ்ல்ஸ். மைதானத்தின் நீளத்தையோ கிளப் ஹவுஸின் அழகையோ வைத்து இவற்றை எடைபோடுவதில் பயனில்லை. காற்று அடிக்கும்போது பந்தைத் தரையோடு உருட்டி கிரீனுக்கு (குழி இருக்கும் வழுவழுப்பான புல்தரைக்கு) கொண்டுபோக இடம் இருக்கிறதா, விலகிப்போன பந்து திரும்பக் கிடைக்கிறதா, இந்த இரண்டும்தான் என் அளவுகோல்.

காரணம் இருக்கிறது. எதிர்காற்று பறிப்பதைப் பின்காற்று திருப்பித் தருவதில்லை. ஆட்டக்காரர்கள் வழக்கமாகச் சொல்லும் கணக்கு: மணிக்கு ஒரு மைல் எதிர்காற்றுக்கு 1 சதவீதம் தூரம் குறையும், அதே வேகப் பின்காற்றுக்கு அரை சதவீதம்தான் கூடும். இன்னும் ஓங்கி அடித்தால் சரியாகிவிடும் என்று நினைத்தால் பந்தின் சுழற்சி கூடும், அது மேலே ஏறி அப்படியே நின்று விழும். அதனால் வழக்கத்தைவிட இரண்டு எண் குறைந்த, அதாவது அதிக தூரம் போகும் கிளப்பை (மட்டையை) எடுத்து, பந்தைக் கொஞ்சம் பின்காலுக்கு அருகே வைத்து, முக்கால் வீச்சில் தாழ்வாக அடிப்பதே வழி. அப்படித் தாழ்ந்து போகும் பந்து ஓடி கிரீனில் ஏற, கிரீனின் முன்பக்கம் திறந்திருக்க வேண்டும். மணலும் தண்ணீரும் அங்கே குறுக்கே நின்றால் நன்றாக அடித்தும் பலன் இல்லை.

வைல்ட் ஹார்ஸ் இந்த விஷயத்தில் தனி இடம் பிடிக்கிறது. அதை வடிவமைத்த டேன் ப்ராக்டரும் டேவ் ஆக்ஸ்லாண்டும் அதற்கு முன் நெப்ராஸ்காவிலேயே மல்லன் ஊர் அருகே சாண்ட் ஹில்ஸ் மைதானத்தின் கட்டுமானத்தில் வேலை பார்த்தவர்கள். பில் கூர், பென் கிரென்ஷா வடிவமைத்து 1995-இல் திறந்த அந்த மைதானம் உலகத் தரவரிசைகளில் முன்வரிசையில் இருக்கிறது. ஆனால் அது தனியார் கிளப், உறுப்பினரோ அவர் அழைக்கும் விருந்தினரோதான் ஆட முடியும். அங்கே கற்ற கைவேலையை 1990-களின் கடைசியில், சுமார் 3,500 பேர் வாழும் ஒரு சிற்றூருக்கு இவர்கள் கொண்டுவந்தார்கள். எனக்கு இதில் பெரிய மதிப்பு உண்டு. ஒரு சிலருக்கு மட்டும் என்று இருந்த ஒரு கலை, நெடுஞ்சாலையில் போகிற எவரும் இறங்கி அனுபவிக்கும் பொருளாகிவிட்டது.

ஃபேர்வேக்கள், அதாவது கிரீன் வரை போகும் வெட்டிய புல்பாதைகள், தாராளமாக அகலம். பங்கர்கள் எனும் மணற்குழிகள், காற்றே தோண்டிவிட்டுப் போன குழிகள் மாதிரி, ஓரம் பிய்ந்து, புல் தொங்கிக் கிடக்கின்றன. மணல் கலந்த மண் என்பதால் மழைநீர் தேங்காது, தரை இறுகி இருக்கும், பந்து ஓடும். கிரீனுக்கு 40 கஜம் முன்னால் விழுந்த பந்து மெதுவாக உருண்டு ஏறுவதை இங்கே திரும்பத் திரும்பப் பார்க்கலாம். குறை ஒன்று சொல்ல வேண்டுமானால், அகலத்தைத் தாண்டி உயரமான காட்டுப்புல்லில் விழுந்த பந்தைத் தேடாமல் விட்டுவிடுவதே நல்லது. பைக்குள் கூடுதல் பந்து வைத்துக்கொள்ளுங்கள்.

பஃபலோ டூன்ஸ் 1976-இல் திறந்த நகராட்சி மைதானம். மூன்றில் பணத்துக்கு மிகவும் இதமானது இதுதான். ஆர்கன்சா ஆற்றுப் படுகையிலிருந்து காற்று அள்ளிக் குவித்த மணல்மேடுகளின் மேல் அமைந்திருக்கிறது. இந்த நிலத்தை உருவாக்கியதே காற்றுதான். சுற்றிலும் மணற்புதர்ச் செடியும் யுக்காவும். யுக்காவின் இலை ஊசிபோலக் குத்தும், பந்துக்காகக் கையை உள்ளே விடாதீர்கள். பக்கத்திலேயே 1924 முதல் காட்டெருமை வளர்க்கும் அரசுச் சரணாலயம் இருக்கிறது, ஆட்டம் முடிந்ததும் அவசியம் போய்ப் பாருங்கள். வைல்ட் ஹார்ஸ் அளவுக்கு நுணுக்கமான கிரீன்கள் இங்கே இல்லை, காற்றுக்கு விட்டுக்கொடுக்கும் அகலமும் குறைவு. ஆனாலும் ஒரு நகராட்சி இப்படி ஒரு நிலத்தைக் கெடுக்காமல், உள்ளூர்ப் பிள்ளைகளும் கட்டுப்படியாகும் காசில் ஆடும்படி இத்தனை காலம் நடத்துவதை மனதாரப் பாராட்டுகிறேன்.

ராவ்ல்ஸ் முற்றிலும் வேறு கதை. மற்ற இரண்டும் இருந்த மேடுபள்ளத்தில் அமர்ந்தவை. இது பருத்தி விளைந்த தட்டையான வயல். முன்னாள் மாணவர் ஜெர்ரி ராவ்ல்ஸின் நன்கொடையில், டெக்சாஸ் டெக் பல்கலைக்கழகத்துக்காக மைதான வடிவமைப்பாளர் டாம் டோக் பத்து லட்சம் கன கஜத்துக்கும் மேல் மண்ணை நகர்த்தி மேடுகளை எழுப்பினார். 2003-இல் திறந்தார்கள். விளிம்பு மேடுகள் நகரத்தை மறைத்துவிடுவதால் உள்ளே நின்றால் ஊர் நடுவே இருப்பதாகவே தோன்றாது. கடல்மட்டத்திலிருந்து சுமார் 3,200 அடி உயரம்; காற்று மெலிந்திருப்பதால் பந்து சற்று கூடுதலாகவே பறக்கும், கிளப் எடுக்கும்போது அதையும் கணக்கில் சேருங்கள். நெப்ராஸ்கா பனியில் மூடிக்கிடக்கும் மாதங்களிலும் இங்கே பல நாட்கள் ஆடலாம் என்பது பெரிய வசதி. மார்ச், ஏப்ரல் மட்டும் வேண்டாம். புழுதிப்புயல் வரும் காலம் அது.

சரி, ஒன்றுதான் முடியும் என்றால்? வைல்ட் ஹார்ஸ், தயங்காமல். நெப்ராஸ்காவின் ஒமாஹா நகரிலிருந்து ஐ-80 நெடுஞ்சாலையில் மூன்றரை மணி நேர ஓட்டம், அந்த வண்டிப்பயணம் வீண்போகாது. குடும்பத்தோடு போகிறீர்கள், கையைக் கடிக்கக் கூடாது என்றால் பஃபலோ டூன்ஸ். டிசம்பரில்தான் விடுமுறை கிடைக்கும் அல்லது டாலஸ் பக்கம் இருக்கிறீர்கள் என்றால் ராவ்ல்ஸ்.

எங்கே போனாலும் ஒரு விதியைத் தெரிந்து வையுங்கள். கிரீனில் பந்து கிடக்கும் இடத்தைக் குறியிட்டு, பந்தை எடுத்துத் திரும்ப வைத்தபின் காற்று அதை நகர்த்தினால், பழைய இடத்திலேயே வைக்க வேண்டும், தண்டனை இல்லை. இன்னும் எடுக்காத பந்தைக் காற்று நகர்த்தினால், நின்ற புது இடத்திலிருந்து ஆட வேண்டும். ஆகவே கிரீனை எட்டியதும் முதல் வேலையாகப் பந்தைக் குறியிட்டு எடுத்துவிடுங்கள். அப்புறம், பதிவு செய்யும்போது காலையின் முதல் நேரத்தையே கேளுங்கள். இரவில் சில நூறு மீட்டர் உயரத்தில் வேகமாக ஓடும் காற்று, வெயில் ஏறித் தரை சூடானதும் கீழே கலந்து இறங்கும். பத்து மணிக்கு முன் பாதி ஆட்டத்தையாவது முடித்துவிட்டால் கை ஓங்கியிருக்கும்.