மும்பையில் இருப்போருக்கு ஊர்ச் செய்தி: திறந்த குழுவா, அறிவிப்புக் குழுவா, சேனலா?

தூத்துக்குடி மாவட்டம் ஏரல் பக்கத்திலுள்ள எங்கள் ஊரின் தலைக்கட்டுகளில், அதாவது ஊர் வரி கொடுக்கும் குடும்பங்களில், பெரும்பகுதி மும்பையில்தான் இருக்கிறது. எல்லாரும் தாராவியில் 90 அடி சாலையைச் சுற்றி நாலைந்து சந்துகளுக்குள் குடியிருந்த காலத்தில், ஊரிலிருந்து கடிதம் வந்தால் அதைச் சங்க அறையில் வாசிப்பார்கள். அன்று இரவுக்குள் செய்தி வீடுவீடாகப் போய்ச் சேர்ந்துவிடும். இன்று கல்யாண், டோம்பிவிலி, அம்பர்நாத், மீரா ரோடு, நவி மும்பை என்று குடும்பங்கள் பிரிந்து போய்விட்டதால், யார் வீட்டு விசேஷம், யார் தவறினார்கள், கோவில் திருவிழாவான கொடை என்றைக்கு, கிராம சபையில் என்ன பேசினார்கள் என்பதையெல்லாம் கைபேசி வழியாகத்தான் சேர்ப்பிக்க வேண்டியிருக்கிறது. இதற்கு எந்த வழி நல்லது என்று எங்கள் சங்கம் பேசி, நிர்வாகிகள் மட்டும் பதிவிடும் வாட்ஸ்அப் அறிவிப்புக் குழுவைத் தேர்ந்தெடுத்தது. அதை நடத்தும் பொறுப்பில் நானும் ஒருவன் என்பதால், என் சார்பு எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஒப்பிடத்தக்க வழிகள் மூன்று. எல்லாரும் பேசும் திறந்த குழு ஒன்று. நிர்வாகிகள் மட்டும் எழுதும் அறிவிப்புக் குழு மற்றொன்று. 2023 செப்டம்பரில் இந்தியாவுக்கு வந்த, பின்தொடர்பவர்கள் பதிவுகளைப் படிக்க மட்டும் முடிகிற வாட்ஸ்அப் சேனல் மூன்றாவது. மூன்றுக்கும் செலவு கிடையாது, மூன்றும் எல்லாருக்கும் பழகிய செயலிக்குள்ளேயே இருக்கின்றன. ஆகவே விலையையும் வசதியையும் பற்றி நீட்டிப் பேச எதுவுமில்லை. ஒரு குழுவில் 256 பேர்தான் இருக்கலாம் என்ற பழைய தடையும் 2022இல் முதலில் 512 ஆகவும் பிறகு 1024 ஆகவும் தளர்ந்துவிட்டதால், எங்கள் அளவுள்ள ஊர்களுக்கு இடம் போதவில்லை என்ற பேச்சும் எழாது.

திறந்த குழுவின் சிறப்பு அதன் உயிரோட்டம். ஐப்பசி மழையில் குளம் நிரம்பி மறுகால் பாய்கிற படத்தை ஊரிலிருந்து ஒரு பையன் போட்டதும், முப்பது ஆண்டுகளாக அந்த மடையைக் காணாத ஒரு பெரியவர் அம்பர்நாத்திலிருந்து குரல் பதிவில் பேசத் தொடங்குவார். அவருக்குப் பதில் சொல்ல நாலு பேர் வருவார்கள். ஊர் வாழ்க்கை என்பதே இதுதான். இதை அறிவிப்புக் குழுவில் பெற முடியாது. ஆனால் அதே குழுவில் ஒரு துக்கச் செய்தி வரும்போது நடப்பதையும் பார்க்க வேண்டும். ஊரிலிருந்து ஒருவர் காலையில் இன்னார் தவறிவிட்டார் என்று எழுதுவார். உடனே இரங்கல் வரிகளும் கைகூப்பிய படங்களும் வரிசையாக வந்து விழும். ஒரு மணி நேரம் கழித்து அடக்கம் எத்தனை மணிக்கு என்ற விவரத்தை இறந்தவரின் மகனே எழுதியிருப்பார்; அது அந்த வரிசைக்குள் புதைந்துபோகும். அதற்குக் கீழே பத்துப் பேர் "எப்ப எடுக்காங்க?" என்று கேட்டுக்கொண்டிருப்பார்கள். மும்பையிலிருந்து நெல்லைச் சீமைக்கு ரயிலில் ஒன்றரை நாள் ஆகும். முகம் பார்க்க வேண்டுமென்றால் திருவனந்தபுரத்துக்கோ மதுரைக்கோ விமானத்தில் போய் அங்கிருந்து கார் பிடிக்க வேண்டும். போவதா, பதினாறாம் நாள் காரியத்துக்குப் போய்த் துட்டி கேட்டுக்கொள்வதா (துக்கம் விசாரிப்பதா) என்பதைக் குடும்பம் அந்த ஒரு மணி நேரத்துக்குள் முடிவு செய்தாக வேண்டும். அந்த நேரத்தில் ஒருவரை அறுபது செய்திகளைத் தள்ளித் தள்ளிப் பார்க்க வைப்பது நியாயமில்லை.

கொடைத் தேதி இதைவிட முக்கியமானது. 2024 நவம்பர் 1 முதல் ரயில் முன்பதிவுக் காலம் 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைக்கப்பட்டது. எங்களுக்கு வைகாசியில் கொடை. மும்பைப் பள்ளிகளுக்கும் அப்போதுதான் விடுமுறை. தென்மாவட்ட ரயில்களுக்கு நெரிசலும் அப்போதுதான். முன்பதிவு திறக்கும் அன்று காலையில் தேதி கையில் இருந்தால்தான் படுக்கை கிடைக்கும் என்பதால், கொடை எந்தச் செவ்வாய் என்பது பங்குனியிலேயே எல்லாருக்கும் சந்தேகமில்லாமல் தெரிந்திருக்க வேண்டும். பந்தக்கால் நடும் கால்நாட்டு, கொடை, அதற்கு எட்டாம் நாள் வரும் எட்டாம் கொடை ஆகிய மூன்று நாள்களும் ஒரே பதிவில் இருந்தால், எட்டாம் கொடை வரை தங்குபவர்கள் திரும்பும் சீட்டையும் சேர்த்தே எடுத்துக்கொள்வார்கள். திறந்த குழுவில் இந்தத் தேதிகள் பேச்சோடு பேச்சாக வரும்; ஒருவர் உத்தேசமாகச் சொன்னதை இன்னொருவர் முடிவாக எடுத்துக்கொள்வார். 2018இல் வாட்ஸ்அப், நிர்வாகிகள் மட்டுமே செய்தி அனுப்பலாம் என்ற அமைப்பைக் கொண்டுவந்தது இந்த மாதிரித் தேவைகளுக்குத்தான் என்று நினைக்கிறேன். அதில் வருவது குறைவு. வருவதெல்லாம் ஊர்க் கணக்கரிடம் கேட்டு உறுதி செய்தது. கொடைத் தேதியை மேலே குத்தியும் வைக்கலாம்.

அப்படியென்றால் சேனல் இன்னும் மேலல்லவா என்று இளைஞர்கள் கேட்டார்கள். அவர்கள் சொன்னதில் நியாயம் இருந்தது. குழுவில் சேர்ந்தால் நம் எண் அத்தனை பேருக்கும் தெரியும். வேலைக்குப் போகும் பெண்கள் பலர் இதனாலேயே குழுவில் சேரத் தயங்குகிறார்கள். சேனலில் பின்தொடர்பவர்கள் ஒருவருக்கொருவர் தெரிய மாட்டார்கள், ஆள் கணக்குக்கும் எல்லை கிடையாது. இந்த ஒரு விஷயத்தில் சேனல் மற்ற இரண்டையும்விட மேலானது என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் சேனலை அறிமுகப்படுத்தியபோது, பதிவுகளைத் தங்கள் சேமிப்பில் 30 நாள் வரைதான் வைத்திருப்போம் என்று வாட்ஸ்அப் சொன்னது. பங்குனியில் சொல்லும் தேதி வைகாசி வரை நிற்க வேண்டிய எங்களுக்கு அது யோசிக்க வைத்த செய்தி. சேனலைச் சில மாதங்கள் ஒரு பக்கமாக நடத்திப் பார்த்ததுதான் என் அனுபவம். அதை நீண்ட நாள் நடத்துபவர்கள் என்னைவிட நன்றாகச் சொல்லக்கூடும்.

என்னை அறிவிப்புக் குழுவின் பக்கம் உறுதியாகச் சாய்த்தது வேறொன்று: பெயர்ப்பட்டியலைப் பராமரிப்பது. ஊர்ச் சங்கம் நடத்தும் எவருக்கும் அறிவிப்பை எழுதுவது பெரிய வேலையல்ல; அது யாருக்குப் போகவில்லை என்று கண்டுபிடிப்பதுதான் வேலை. வரி கொடுக்கும் ஒரு தலைக்கட்டுக்குக் கொடைச் செய்தி சொல்லாமல் விட்டுவிட்டால், அது தொழில்நுட்பக் கோளாறு என்று யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அழைப்பில் எங்களைத் தள்ளி வைத்தீர்கள் என்ற பேச்சாக அது மாறி, இரண்டு தலைமுறைக்கு நிற்கும். அப்படி நின்ற பகைகளை எங்கள் ஊரிலேயே பார்த்திருக்கிறேன்.

குழுவில் நாம் அனுப்பிய செய்தியை அழுத்திப் பிடித்து அதன் விவரத்தைத் திறந்தால், படித்தவர்கள் யார், கைபேசிக்குச் சென்று சேர்ந்தும் படிக்காதவர்கள் யார் என்று இரண்டு பட்டியல்கள் தெரியும். தனிப்பட்ட உரையாடலில் நீலக் குறியை நிறுத்தி வைத்திருப்பவர்களுக்கும் குழுவில் இது பொருந்தும். இரண்டு பட்டியலிலும் வராதவர்களின் எண்ணிக்கை மட்டும் கீழே காட்டப்படும். அந்தப் பெயர்களை வரி நோட்டோடு ஒப்பிட்டுக் கண்டுபிடிக்க வேண்டும். கொஞ்சம் பொறுமை வேண்டிய வேலைதான். ஆனால் கண்டுபிடித்துவிட்டால் அன்று மாலை யார் யாரை நேரில் அழைத்துச் சொல்ல வேண்டும் என்ற பட்டியல் கையில் வந்துவிடும். சேனலில் பொதுவாக எத்தனை பேர் பின்தொடர்கிறார்கள் என்று தெரியுமே தவிர, டோம்பிவிலியில் இருக்கும் இன்ன தலைக்கட்டுக்குச் செய்தி போனதா என்ற கேள்விக்கு அதில் விடை கிடையாது. திறந்த குழுவிலும் இந்த விவரம் உண்டுதான். ஆனால் ஒரு நாளைக்கு நூறு செய்தி ஓடும் இடத்தில், பலர் ஒலியை நிறுத்தி வைத்துவிட்டுக் கடைசிச் செய்தியை மட்டும் திறந்து மூடுவதால், படித்ததாகக் காட்டுவதை நம்ப முடிவதில்லை.

இதே பட்டியல் எண்கள் செத்துப்போவதையும் காட்டிக் கொடுக்கிறது. முன்கட்டண எண்ணில் பணம் போடாமல் 90 நாள் எந்தப் பயன்பாடும் இல்லாமல் விட்டுவிட்டால் நிறுவனம் அதை முடக்கிவிடலாம். பிறகு அது வேறு யாருக்காவது போய்விடும். ஒரே வீட்டில் மூன்று எண் வைத்திருந்தவர்கள், 2024 ஜூலையில் கட்டணங்கள் ஏறிய பிறகு ஒன்றை அப்படியே கைவிட்டார்கள். பெரும்பாலும் அது அம்மாவின் எண்ணாக இருந்தது. எண் மாற்றியதைச் செயலியில் முறையாகப் பதிவு செய்பவர்கள் மிகக் குறைவு. தொடர்ந்து இரண்டு மூன்று அறிவிப்புகள் ஒருவருக்குப் போய்ச் சேரவில்லை என்றால், அவர் எண் மாறிவிட்டது என்று வைத்துக்கொண்டு உறவினர் வழியாகப் புது எண்ணை வாங்கி நோட்டில் திருத்திவிடுவோம். இந்த வேலையைச் செய்யாமல் எந்தச் செயலியைத் தேர்ந்தெடுத்தாலும் ஓராண்டில் பட்டியலில் ஓட்டை விழுந்துவிடும்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணிக் கரை முழுவதும் வெள்ளத்தில் மூழ்கியபோது மூன்று வழிகளின் எல்லையும் தெரிந்தது. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டிய நாள்கள் அவை. மின்சாரமும் கைபேசிக் கோபுரங்களும் போன பிறகு எந்தக் குழுவாலும் பயனில்லை. திறந்த குழுவில் வேறு எந்த ஊரின் பழைய வெள்ளக் காட்சிகளோ எங்கள் பகுதி என்று சுற்றிக்கொண்டிருந்தன. பெற்றோரை ஊரில் விட்டுவிட்டு இங்கே இருப்பவர்களை அவை மேலும் கலங்கடித்தன. அறிவிப்புக் குழுவில் ஒரே ஒரு செய்தியை மட்டும் போட்டு வைத்திருந்தோம். மின்சாரம் திரும்பத் திரும்ப, ஊரிலுள்ள எண்கள் ஒவ்வொன்றாக அந்தச் செய்தியின் விவரப் பட்டியலுக்குள் வரத் தொடங்கின. கீழத்தெருவில் முதலில் இரண்டு பெயர், பிறகு மேலத்தெரு என்று வர வர, அந்தந்த வீட்டுப் பிள்ளைகளை இங்கே அழைத்து, உங்கள் வீட்டுக் கைபேசி உயிர்பெற்றுவிட்டது, இப்போது கூப்பிட்டுப் பாருங்கள் என்று சொல்ல முடிந்தது.

ஊர்ப் பக்கத்தில் செய்தி பிறக்கும் விதமும் மாறியிருக்கிறது. தண்டோரா போடும் வழக்கத்தை நிறுத்தும்படி 2022இல் தமிழ்நாடு அரசு அறிவுறுத்தி, ஒலிபெருக்கி கட்டிய வண்டிகளைப் பயன்படுத்தச் சொன்னது. ஒரு சாதியாரின் மேல் சுமத்தப்பட்டிருந்த வேலை அது. நிறுத்தியது மிகச் சரி. இப்போது ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்வதை ஊரிலிருக்கும் எங்கள் ஆள் கைபேசியில் பதிவு செய்து அனுப்புகிறார். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாள்களின் கிராம சபைக் கூட்டங்களைப் பற்றியும், ரேஷன் அட்டையில் கைரேகை வைக்க வேண்டிய கெடுவைப் பற்றியும் இப்படித்தான் எங்களுக்குத் தெரிகிறது. அட்டையில் பெயர் ஊரிலும் ஆள் இங்கேயும் இருக்கும் குடும்பங்களுக்கு இந்தக் கெடு கொடைத் தேதிக்குச் சமம். வாகன இரைச்சலோடு வரும் அந்தப் பதிவை அப்படியே போடாமல், விவரத்தை நாலு வரியில் எழுதி, அதையே ஒருவர் நிதானமாக வாசித்த குரல் பதிவையும் சேர்த்துப் போடுகிறோம். இங்கே பிறந்து மராத்தியும் இந்தியும் ஆங்கிலமும் படித்து வளர்ந்த பிள்ளைகளுக்குத் தமிழ் கேட்டால் புரியும், வாசிக்க வராது. கண் மங்கிய பெரியவர்களுக்கும் குரலே வசதி.

பொத்தான் கைபேசி வைத்திருக்கும் ஆச்சிமாருக்கு மூன்று வழியும் உதவாது. அவர்களுக்காகப் பகுதிக்கு ஒருவரை வைத்து அழைத்துச் சொல்கிறோம்.

நிர்வாகிகளைத் தேர்ந்தெடுப்பதில் ஒன்றை வலியுறுத்திச் சொல்ல வேண்டும். ஆண்கள் மட்டும் எழுதும் குழுவில் கொடை, வரி, துக்கம், கூட்டம் ஆகியவைதான் வரும். சடங்கு, வளைகாப்பு, பால்காய்ப்பு, பிள்ளை பெற்றவளைப் பார்க்கப் போவது போன்றவை விடுபட்டுப் போகும். இவை பெண்கள் வழியாகத்தான் முதலில் தெரியவரும் என்பதால், எங்கள் குழுவில் இரண்டு பெண்கள் நிர்வாகிகளாக இருக்கிறார்கள். எண் வெளியே தெரிவதைப் பற்றித் தயங்கிய பெண்கள், வீட்டில் ஒருவர் எண் போதும் என்றும், கேள்விகளை அந்த இருவரிடம் மட்டும் கேட்கலாம் என்றும் சொன்ன பிறகு சேர்ந்தார்கள். இது முழுத் தீர்வு என்று நான் சொல்ல மாட்டேன்.

திறந்த குழுவையும் நாங்கள் கலைக்கவில்லை. மறுகால் படமும் பேச்சும் அங்கேயே நடக்கின்றன. இரங்கலும் வாழ்த்தும் அங்கேதான். ஆயிரம் பேரைத் தாண்டிய ஊர்ச் சங்கங்கள், தெரு வாரியாக இரண்டு மூன்று அறிவிப்புக் குழுக்கள் வைத்து, எல்லாவற்றிலும் ஒரே பதிவைப் போடுவது நல்லது. யாருக்குப் போகவில்லை என்று பார்க்கும் வேலையும் அப்போது தெருவுக்கு ஒருவராகப் பிரிந்துவிடும். புதிதாகத் தொடங்குபவர்கள் வரி நோட்டின் ஒரு படியை ஊரில் கணக்கர் வீட்டிலும் ஒரு படியை மும்பையிலும் வைத்து, கொடைக்கு ஊரில் கூடும்போது இரண்டையும் எதிரெதிரே விரித்து எண்களைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.