மாரி மழைக்கு ஏற்ற ஊல் கடை

மட்டக்களப்பு டவுனில் ஒரு சின்னத் தையல் சாமான் கடையில்தான் இந்த முறை ஊலும் (பின்னுகிற கம்பளி நூல்) ஊசியும் வாங்கினேன். கனடாவில் இருக்கிற அக்காவுக்கும் அத்தானுக்கும் நத்தாருக்குச் சிவப்பு வெள்ளைக் கோடு போட்ட சொக்ஸ் பின்னி அனுப்ப வேண்டும், அங்கே ஒக்டோபரிலேயே குளிர் தொடங்கிவிடும், இங்கே எங்களுக்கு மாரி மழை.

ஊசிதான் அருமை. இரண்டு பக்கமும் கூரான மூங்கில் ஊசி, 2.5 மில்லிமீட்டர், செட்டில் ஐந்து. இரும்பு ஊசி மாதிரி வழுக்காது, புழுக்கத்தில் கை வியர்த்தாலும் கண்ணி, அதாவது ஊசியில் ஏற்றிய நூல் வளையம், கழன்று விழவில்லை. நான்கு ஊசியில் 16 வீதம் 64 கண்ணி ஏற்றி ஐந்தாவதால் சுற்றிச் சுற்றிப் பின்ன வேண்டும், குதிக்கால் வந்ததும் 32 கண்ணியை மட்டும் போய்வந்து பின்ன வேண்டும், அந்த இடத்தை நான் இரண்டு தரம் அவிழ்த்தேன், அப்படியும் நூல் பிரியவே இல்லை. கம்பளியோடு நைலோன் கலந்தது, குதிக்கால் சீக்கிரம் தேயாது. 100 கிராம் உருண்டை ஒரு சோடிக்குத் தாராளம்.

ஒரு குறை, சிவப்பு சாயம் விட்டது. கழுவியதும் வெள்ளைக் கோடெல்லாம் ரோஸ், அழுகையே வந்தது. கடைக்கார அக்காவிடம் காட்டினேன், மறுபேச்சில்லாமல் வேறு உருண்டை தந்தார். சிவப்பு வாங்கினால் முதலில் ஒரு துண்டை நனைத்துப் பாருங்கள்.

கரண்ட் போன பின்னேரங்களில் வாசலில் பிளேன்டியோடு இருந்து பின்னுகிறேன், இரண்டாவது சோடி குதிக்கால் வரை வந்துவிட்டது.